மேல் பலகையிலிருந்து தெரியும் ஏரி

வைனோ காங்கஸ் வீட்டை இழந்தது குடியால் இல்லை, சீட்டாட்டத்தால் இல்லை, வைத்தியச் செலவால்கூட இல்லை. உபசாரத்தால் இழந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னான், அவ்வளவுதான். அதைச் சொன்னபோது நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அதனால் இதில் கேள்விப்பட்டது எதுவும் இல்லை.

எங்கள் ஊர் ஆல்டர் பாயின்ட், மிச்சிகனின் வடகோடியில், மார்கரெட் ஏரியை ஒட்டி இருக்கிறது. ஒட்டி இருப்பது ஊர்தான், நாங்கள் இல்லை. செம்புச் சுரங்கத்தில் வேலை செய்ய பின்லாந்திலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் ஏரியிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு கட்டினார்கள். ஏரிக்கரை அப்போது கொசு பிடுங்கும் சதுப்பு. புத்தியுள்ளவன் எவனும் அங்கே ராத்தங்க மாட்டான். பிறகு டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் புத்தி குறைவாகவும் பணம் அதிகமாகவும் உள்ளவர்கள் வந்து அந்தச் சதுப்பில் மாளிகை கட்டினார்கள். ஜூனில் வருவார்கள். செப்டம்பரில் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச மாதங்களில் அந்த வீடுகளில் ஹீட்டர்கள் மட்டும் சொகுசாகக் குடியிருக்கும்.

அவர்கள் சேர்ந்து நடத்துவதுதான் மார்கரெட் ஏரிக் காட்சிப் பாதுகாப்புச் சங்கம். ஆரம்பத்தில் அவர்கள் ஏரியில் நீந்தும் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை. பறவைகளை எண்ணி முடித்ததும் வீடுகளை எண்ண ஆரம்பித்தார்கள். எந்த வீட்டிலிருந்து ஏரி எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, அதற்கேற்பக் காட்சி வரி போட்டால் ஊர் செழிக்கும் என்று எங்கள் ஊராட்சியான டவுன்ஷிப் போர்டில் போய்ச் சொன்னார்கள். அளக்கிற வேலையைச் சங்கமே இலவசமாகச் செய்யும் என்றார்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் போர்டு எழுந்து நின்று கை தட்டியது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் வீட்டுக்குக் கூரை முக்கியமில்லை, சுவர் முக்கியமில்லை. காட்சிதான் முக்கியம். நேர்க் காட்சி, சாய்வுக் காட்சி, எட்டிப் பார்க்கும் காட்சி, இலையுதிர்ந்த பின் தெரியும் பருவக் காட்சி என்று வகை பிரித்தார்கள். ஃபோர்ஸ்மன் விதவை வீட்டு மேப்பிள் மரத்தில் இலை கொட்டினால் பருவக் காட்சி வந்துவிடும் என்று பயந்து, அந்த அம்மாள் அக்டோபர் முழுவதும் மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். மரம் கேட்கவில்லை. வசந்தத்தில் வீடு விற்பனைக்கு வந்தது.

வைனோவுக்கு அந்தப் பயம் இல்லை. அவன் வீடு பள்ளத்தில் இருக்கிறது, முன்னால் பெரிய பெரிய கூரைகள். டவுன்ஷிப்பின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி லெம்பி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தாள். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றுதான்: அப்பா கட்டிய அந்த வீட்டில் இருந்து, அங்கேயே கண்ணை மூட வேண்டும். இதைவிடச் சின்ன ஆசையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

சங்கத் தலைவர் வின்ஸ்டன் ப்ளேக்லி ஒரு சனிக்கிழமை மாலை அவன் வீட்டுக்கு வந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மழை வராத நாளிலும் மழைக்கோட்டு போடுவார். வந்த காரியமும் நல்ல காரியம்தான்.

"உங்க வீடு 'காட்சியற்ற' வகை, மிஸ்டர் காங்கஸ்" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். "வருத்தப்படாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் அமையறதில்ல."

"பரவாயில்ல சார்" என்றான் வைனோ, முகமெல்லாம் சிரிப்பாக.

ப்ளேக்லி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டார். காரை நோக்கி நாலு எட்டு நடந்தும்விட்டார். ஆனால் அன்று சனிக்கிழமை. எங்கள் நீராவிக் குளியல் குடிலான சவுனாவின் அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சவுனா சூடாக இருக்கும்போது வாசலுக்கு வந்த மனிதனை வியர்க்க வைக்காமல் அனுப்புவது எங்கள் ஆட்களுக்குச் சோற்றுவேளைக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்புவது மாதிரி. வைனோ பின்னாலேயே ஓடினான்.

"ஒரு நடை சவுனாவுக்கு வந்துட்டுப் போங்க சார்."

"சோனாவா? இல்ல, வேண்டாம். நன்றி."

"சவுனா" என்றாள் லெம்பி வாசலிலிருந்து. மிச்சிகனின் இரண்டு பாதிகளை இணைக்கும் பாலத்துக்குத் தெற்கேயிருந்து வருகிறவர்கள் அதைச் சோனா என்றுதான் சொல்வார்கள். லெம்பி ஒவ்வொரு தடவையும் திருத்துவாள், சர்ச்சாக இருந்தாலும் சரி, சவ அடக்கமாக இருந்தாலும் சரி.

விருந்தாளி மறுப்பதைப் பார்த்ததும் வைனோவுக்குத் தன் சவுனாவை மட்டமாக நினைத்துவிட்டாரோ என்று தோன்றிவிட்டது. மரத்தாலான சின்னக் குடில், உள்ளே படி படியாக மூன்று பலகை, சுவரில் ரொட்டித் தட்டு அளவுக்கு ஒரு ஜன்னல். வெளியிலிருந்து பார்த்தால் கோழிக்கூண்டு மாதிரிதான் இருக்கும். அதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரன் கடமை இல்லையா? அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"வெட்கப்படாம வாங்க சார். மேல் பலகையில உக்காந்தீங்கன்னா ஏரிகூடத் தெரியும்."

ப்ளேக்லி நின்றார். திரும்பினார். பேனா வெளியே வந்தது.

"எந்த ஏரி?"

"இருக்கறது ஒண்ணுதானே சார்."

அவர் கோட்டோடும் ஷூவோடும் சவுனாவுக்குள் ஏறினார். எங்கள் ஊர் சரித்திரத்தில் ஷூவோடு சவுனாவுக்குள் போன முதல் ஆள் அவர். லெம்பி வாயைப் பிளந்தபடி நின்றாள். உள்ளே மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் சத்தமும், "ஆகா" என்ற சத்தமும் கேட்டன. இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவில், ஒரு சிகாகோ பல் டாக்டரின் புகைபோக்கிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலமாக ஏதோ தெரியும். வைனோ சின்ன வயதிலிருந்து அதை ஏரி என்று சொல்வான். நான் அதைப் பல் டாக்டரின் தார்ப்பாய் என்றுதான் நினைத்துவந்தேன். தார்ப்பாய் என்றே சங்கமும் நினைத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

வெளியே வந்த ப்ளேக்லியின் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. வைனோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், மிஸ்டர் காங்கஸ். உங்க வீடு ஏரிக் காட்சி வீடு!"

வைனோ அப்போதும் நன்றி சொன்னான்.

வரி வந்தபோதுதான் லெம்பி அவனிடம் சொன்னாள். "குளிர்காலம் பூரா நீ வாரற பனிய வித்தாக்கூட இதுக்குக் காணாது. உன்ன யாருடா ஏரி தெரியுதுன்னு சொல்லச் சொன்னது?"

"தெரியுதுல்ல லெம்பி, அதான் சொன்னேன்."

"தெரிஞ்சா பாத்துட்டு வாய மூடிக்கணும். ஊர்ல எத்தனையோ தெரியுது எனக்கு. சொல்லிட்டா திரியறேன்?"

மேல்முறையீடு டவுன்ஷிப் ஹாலில் நடந்தது. வெள்ளிக்கிழமை மீன் பொரியல் விருந்தின் எண்ணெய் வாடை இன்னும் போகாத ஹால். மேடையில் சங்கத்தின் காட்சி நிர்ணயக் குழு ஏழு பேர். வைனோ சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"நான் அங்க வாரத்துக்கு ஒருக்காதான் சார் உக்காருவேன். அதுவும் கண்ண மூடிக்கிட்டு" என்றான்.

"கண்ணைத் திறக்கற உரிமை உங்களுக்கு இருக்கா இல்லையா?" என்று கேட்டார் ப்ளேக்லி.

"இருக்கு."

"அந்த உரிமைக்குத்தான் வரி. பயன்படுத்தறதும் விடறதும் உங்க இஷ்டம். சங்கம் அதுல தலையிடாது."

லெம்பி எழுந்தாள். "உள்ள போறப்ப இவன் கண்ணாடியக் கழட்டிருவான். கண்ணாடி இல்லன்னா இவனுக்கு எதிர்ல இருக்கற நானே தெரியமாட்டேன். ஏரி எப்படித் தெரியும்?"

"நாங்க தனி மனுஷங்க கண்ண வச்சு அளக்கறதில்ல, மேடம். அது அநியாயம் ஆயிடும். அதனால சங்கம் ஒரு தரநிலைக் கண்ண ஏத்துக்கிட்டிருக்கு."

"அது யாரு கண்ணு?"

"என்னுது" என்றார் ப்ளேக்லி அடக்கமாக. "போன வருஷம்தான் புரை எடுத்தது. ரொம்பத் துல்லியம்."

பிறகு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. "நாங்க யாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லல. ஊரோட மதிப்ப உயர்த்தறோம். மதிப்பு உயரும்போது கூடவே நாமளும் உயரணும். சிலரால உயர முடியலன்னா அது உயரத்தோட தப்பில்ல. நானே சிகாகோவுல வீட்டு வரி தாங்காமத்தான் இங்க வந்தேன். அந்த வேதனை எனக்குத் தெரியும். அதனாலதான் இங்க வரி போடறப்ப ரொம்ப வேதனையோட போடறேன்."

ஹாலில் கைதட்டல். வைனோவும் தட்டினான். அவனுக்கு யாராவது பேசி முடித்தால் தட்டிவிட வேண்டும். லெம்பி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

குழு நேரில் வந்து பார்த்த பிறகே முடிவு என்றார்கள். விதிப்படி ஏழு பேரில் நாலு பேராவது ஒரே நேரத்தில் காட்சி தெரியும் இடத்தில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டும். மேல் பலகை மூன்று பேருக்கு மேல் கொள்ளாது என்று வைனோ எவ்வளவோ சொன்னான். பலகையை நீட்டினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், அனுமதிக்குக் குழு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

அவர்கள் வந்ததும் சனிக்கிழமை. முதல் பனி விழுந்துவிட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் கிளம்பிவிடும் குழு, எங்கள் வீடுகளை அளப்பதற்காகவே அந்த வருஷம் தங்கிவிட்டது. விருந்தாளிகள் வரும்போது அடுப்பை ஆற விடுவதற்கு வைனோவுக்கு மனசு வரவில்லை. இரண்டு மடங்கு விறகு போட்டிருந்தான். லெம்பி கதவின் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஷூவோட உள்ள போன மொத ஆளும் கடைசி ஆளும் உங்க தலைவர்தான். இனிமே துணியோட ஒருத்தரும் என் சவுனாக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"சோனாவுக்குள்ள அப்படி ஒரு வழக்கமா?" என்று ஒருவர் தயங்கினார்.

"சவுனா."

முற்றத்தில் நின்றபடியே சங்கத்தின் சட்டதிட்டத்தைப் புரட்டினார்கள். உடையில்லாமல் தீர்மானம் போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நாலு பேர் முன்வந்தார்கள். ப்ளேக்லி மட்டும் சங்கத்தின் அடையாள வில்லையைக் கழற்ற மறுத்து, இடுப்புத் துண்டில் குத்திக்கொண்டார். நாலு பெரிய மனிதர்கள் மூன்று பேர் கொள்ளும் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அடுப்பருகே வைனோ கரண்டியும் வாளியுமாகப் பணிவோடு நின்றான். நான் கீழ்ப் பலகையில்.

ஜன்னலைப் பார்த்தார்கள். பேசவில்லை. விருந்தாளிகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சூடு போதவில்லை என்று எங்களுக்கு அர்த்தம்.

"ஒரு கரண்டி போடட்டுங்களா?" என்று கேட்டான் வைனோ.

ப்ளேக்லிக்கு அது ஏதோ நடைமுறை என்று பட்டிருக்க வேண்டும். "ஆட்சேபணை இல்லை" என்றார்.

வைனோ சந்தோஷமாக மூன்று கரண்டி தண்ணீரைக் கல்லின் மேல் வீசினான். அப்புறம் எழும்பிய ஆவியில் நான் யாரையும் பார்க்கவில்லை, கேட்க மட்டும் செய்தேன். கதவு திறந்த சத்தம், பனியில் விழுந்த சத்தம். வெளியே போய்ப் பார்த்தபோது காட்சி நிர்ணயக் குழு வெறும் காலோடு பனியில் குதித்துக்கொண்டிருந்தது. திரும்ப உள்ளே போய்ப் பார்ப்பதா, அங்கேயே தீர்மானம் போடுவதா என்று தலைவர் கேட்டார். முற்றத்தில் காத்திருந்த மூன்று பேரையும் சேர்த்து, அங்கேயே போடலாம் என்று ஏழு பேரும் ஏக மனதாகக் கை தூக்கினார்கள். அந்தச் சங்கம் அவ்வளவு விரைவாக எதையும் முடித்ததில்லை.

தீர்மானம் இதுதான். காட்சி இருக்கிறது. ஆனால் ஆய்வின்போது அது தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் உரிமையாளர் வேண்டுமென்றே எழுப்பிய நீராவி. ஆகவே இது 'ஆவியிடைக் காட்சி' என்னும் புதிய வகை. ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருப்பதால் அரிய வகை. அரியது என்பதால் வரி அதிகம்.

வைனோ சவுனா ஜன்னலில் பலகை அடித்தான். அந்த வாரமே ப்ளேக்லி தேடி வந்து, லாரியின் கீழே கிடந்தவனைக் குனிந்து பார்த்துச் சொன்னார். "நீங்க மறைச்சது பொதுச் சொத்து, மிஸ்டர் காங்கஸ். காட்சி ஏரியோடது. ஏரி எல்லாருக்கும் சொந்தம்."

"எல்லாருக்கும் சொந்தம்னா வரியும் எல்லாருமா கட்டலாமே சார்?"

"சொந்தம் எல்லாருக்கும். பொறுப்பு உங்களுக்கு."

வைனோ ஜன்னலில் அடித்த பலகையைப் பிடுங்கினான்.

ஒரு நாள் காலையில் நான் கடை திறக்கும்போது வாசலில் நின்றிருந்தான். என்னுடையது தூண்டில் கடை. புழுவும் குட்டி மீனும் விற்கிறேன். உள்ளே வந்து மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டியைப் பார்த்தபடியே சொன்னான்.

"சவுனாவ இடிச்சிரலாம்னு இருக்கேன்டா ஆர்வோ."

நான் கையிலிருந்த டப்பாவை வைத்துவிட்டேன். வைனோ பிறந்ததே அந்த மேல் பலகையில்தான். ஜனவரிப் பனியில் டாக்டர் வர முடியவில்லை. வீட்டில் சூடான, சுத்தமான அறை அது ஒன்றுதான். அவன் அப்பா செத்தபோது குளிப்பாட்டியதும் அதே பலகையில். சவுனாவை இடிக்கிறேன் என்று வைனோ சொல்வது வேறொருவன் தன் காலை வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதற்குச் சமம்.

"லெம்பி என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலடா. அதான் பயமா இருக்கு."

"இடிச்சா காட்சி போயிருமா?"

"பலகை போனா உக்கார இடமில்ல. உக்கார இடமில்லன்னா காட்சி இல்ல. வீடு நிக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். எனக்கு அன்று வந்த கோபத்தில் ஏரியையே தூர்த்துவிடலாம் போலிருந்தது.

காலை வெட்டிக்கொள்ளவும் அனுமதி வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இடிக்க விண்ணப்பித்தான். சங்கம் கூடி, அந்தச் சவுனா உள்ளூர் மக்களின் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. இடிக்கத் தடை.

"உங்க பாரம்பரியத்த உங்ககிட்டேர்ந்து காப்பாத்தற கடமை எங்களுக்கு இருக்கு" என்றார் ப்ளேக்லி. அவர் கண் கலங்கியிருந்தது. தரநிலைக் கண் அல்லவா, நிஜமாகவே கலங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டுத் தரகர் கோரின் டஃபி வந்தாள். வரிக்காகக் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் அவள் கார் தானாகவே வந்து நிற்கும். கோரின் பேசும் மொழியை எங்கள் ஊர் இதற்குள் நன்றாகப் படித்துவிட்டது. 'அடக்கமான வீடு' என்றால் கட்டில் போட்டால் கதவு திறக்காது. 'வாய்ப்புகள் நிறைந்தது' என்றால் கூரை ஒழுகும். 'இயற்கையோடு இணைந்தது' என்றால் உள்ளே வௌவால் இருக்கும்.

"விக்கறதப் பத்தி யோசிக்காதீங்க" என்றாள் லெம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. "விடுதலையப் பத்தி யோசிங்க."

"வித்துட்டு எங்கம்மா போறது? இந்த ஊர்ல எங்களால வாங்கற மாதிரி ஒண்ணு காட்டு."

"இருக்கே! ஏரிக்கரை கூட இல்ல. அதுக்கும் மேல!"

உற்சாகமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நானும் போனேன். கார் கரையைத் தாண்டி, உறைந்த ஏரியின் மேலேயே ஓடி நின்றது. நடு ஏரியில் ஒரு மீன்பிடிக் குடிசை. ஒட்டுப்பலகைச் சுவர், தரையில் தூண்டில் போட ஒரு ஓட்டை. குளிர்காலத்தில் நாங்கள் நாலு மணி நேரம் உட்கார்ந்து பெர்ச் மீன் பிடிப்போமே, அந்தக் குடிசை.

"நாலா பக்கமும் நேர்க் காட்சி" என்றாள் கோரின். "திறந்த வெளி அமைப்பு. சமையலறையிலேயே மீன். இந்த விலைக்கு மார்கரெட் ஏரியில வேற எதுவுமே கிடையாது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேர் பாக்க வராங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"ஏப்ரல்ல ஐஸ் உருகுமே?" என்றான் வைனோ.

கோரின் யோசித்தாள். பொய் சொல்லாத பெண் அவள், அது அவள் பெருமை. "பருவ வீடுன்னு போட்டிருக்கேன்" என்றாள்.

லெம்பி தரை ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடாத ஆளுங்க" என்று சொன்னாள். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றுதான் வீட்டை விற்பது என்று முடிவானது.

வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நாளில் வீடு மணக்க வேண்டும், ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி சுடுங்கள் என்று கோரின் லெம்பியிடம் சொல்லியிருந்தாள். லெம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே மாவு பிசைந்தாள். பதினைந்து கார் வந்தன. யாரும் குழாயைத் திறந்து பார்க்கவில்லை, அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்கவில்லை. சவுனாவுக்கு வெளியே வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, "தெரியுது, தெரியுது" என்று கூவிவிட்டு இறங்கினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விலையை ஏற்றினார்கள். ஒருவர் வந்து பார்க்காமலே போனில் ஏற்றினார். ரொட்டி முழுவதும் தீர்ந்தது. கடைசித் துண்டைத் தின்ற டெட்ராய்ட் தம்பதிக்கு வீடு போயிற்று.

வந்த பணம் நல்ல பணம்தான், மறுப்பதற்கில்லை. அதில் ஊருக்குள் வீடு வாங்கலாம் என்று வைனோ சந்தோஷப்பட்டான். அவன் வீடு அந்த விலைக்குப் போனதால் மற்ற வீடுகளின் விலையும் ஏறிவிட்டது என்று கோரின் விளக்கினாள். "மார்க்கெட்ட உயர்த்தினதே நீங்கதான், மிஸ்டர் காங்கஸ். பெருமப்படணும்" என்றாள். பாக்கி வரி, அபராதம், கோரின் கமிஷன் எல்லாம் போக, நாற்பது மைல் தள்ளிப் பழைய சுரங்கத்தின் கழிவு மேட்டுக்குப் பின்னால் சக்கரம் வைத்த தகர டிரெய்லர் வீடு ஒன்று கிடைத்தது. வாங்கும் முன் லெம்பி ஏணி போட்டு அதன் கூரை மேல் ஏறி நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏரி ஏதாவது தெரியுதா?" என்று கீழேயிருந்து கத்தினான் வைனோ.

"இல்ல!"

"குட்டை?"

"அதுவும் இல்ல!"

"அப்ப வாங்கிரலாம்."

டெட்ராய்ட்காரர்கள் வந்த இரண்டாம் வாரம் சவுனாவை இடித்துவிட்டு மூன்று கார் நிற்கும் கொட்டகை கட்ட விண்ணப்பித்தார்கள். சங்கம் உடனே அனுமதித்தது. இடிப்பது வேறு, மேம்பாடு வேறு என்று ப்ளேக்லி எனக்குப் பொறுமையாக விளக்கினார். இடிப்பவன் கையில் அடுத்துக் கட்டப் பணம் இருந்தால் அது மேம்பாடு. சவுனா போனதும் பலகை போயிற்று. பலகை போனதும் காட்சி போயிற்று. வீட்டை மறுபடி 'காட்சியற்ற' வகையில் சேர்த்து, காட்சி வரியை ரத்து செய்தார்கள். புது வீட்டுக்காரர் நன்றி தெரிவித்துச் சங்கத்துக்கு ஒரு பீப்பாய் பியர் கொடுத்தார்.

வைனோ அதன் பிறகும் எங்கள் ஊர்ப் பனியைத்தான் வாரினான். நாற்பது மைல் வந்து, யாரும் இல்லாத வீடுகளின் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, நாற்பது மைல் திரும்பிப் போவான். தன் பழைய வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சுரண்டுவான் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை.

ஜூலையில் சங்கத்தின் ஆண்டு விழா. ப்ளேக்லி கரையில் நின்று மைக்கில் பேசினார்.

"ஒரு கவலையான விஷயம். இந்த ஊர்ல உள்ளூர்க்காரங்க கொறஞ்சிக்கிட்டே வராங்க. ஹோட்டல்ல பரிமாற ஆளில்ல. பள்ளிக்கூடத்துல சமைக்க ஆளில்ல. போன மாசம் என் வீட்டுக் குழாய் ஒடஞ்சப்ப சரி பண்ண ஆள் வர ஒம்பது நாள் ஆச்சு. இவங்கள்லாம் ஏன் போறாங்க? எங்க போறாங்க? இது பெரிய மர்மம். ஆராய ஒரு குழு அமைச்சிருக்கோம். அதுவரைக்கும், இந்த மண்ணோட எளிய மக்கள் நினைவா சங்கம் இன்னிக்கு ஒண்ண அர்ப்பணிக்குது."

துணியை விலக்கினார். ஏரியைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. இரும்புக் கால், வார்னிஷ் அடித்த பழைய மரப் பலகை. நடுவில் கண் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், எனக்கு அந்த முடிச்சை நன்றாகத் தெரியும். எத்தனை சனிக்கிழமை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்!

வைனோவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இருந்தேன். லெம்பியின் பல் வலிக்கு மருந்து வாங்க இரண்டு பேரும் ஊருக்கு வந்த நாளில் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் நடந்து போனோம். கரையில் கூட்டமில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் பித்தளைப் பட்டயம் பளபளத்தது. லெம்பி குனிந்து சத்தமாகப் படித்தாள்.

"'உள்ளூர் மக்களின் சோனாப் பலகை. சங்க உறுப்பினர்கள் அமர மட்டும்.'" நிமிர்ந்தாள். "சவுனா" என்றாள் ஏரியைப் பார்த்து.

வைனோ எதையும் படிக்கவில்லை. உட்கார்ந்தான். பலகையைக் கையால் தடவினான். முடிச்சைக் கண்டுபிடித்து விரலை அதில் வைத்துக்கொண்டான். பிறகு பழக்க தோஷத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். அவன் முகம், சனிக்கிழமைகளில் இருக்குமே, அப்படி இருந்தது.

புல்வெளியைத் தாண்டி, சங்கம் கோடைக்கு அமர்த்தியிருந்த காவல்காரர் வந்தார். பச்சைச் சட்டை, வயதானவர், நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார்.

"மன்னிக்கணும். உறுப்பினர் வில்லை இருக்குங்களா?"

வைனோ கண்ணைத் திறந்தான். கண்ணாடியை எடுத்து மாட்டினான். எதிரே மார்கரெட் ஏரி, பல் டாக்டரின் புகைபோக்கி இல்லாமல், பிர்ச் மரம் இல்லாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கிடந்தது. அவன் பிறந்த ஊரின் ஏரியை முழுசாக, உட்கார்ந்து, பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவன் முகத்தில் வீட்டுக்காரனின் சிரிப்பு வந்துவிட்டது. நகர்ந்து, பலகையில் பாதி இடம் விட்டான்.

"வெயில்ல நிக்காதீங்க, வாங்க, நீங்களும் ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றான் காவல்காரரிடம். "இங்கேருந்து ஏரி நல்லாத் தெ..."

லெம்பி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"வாய மூடு, வைனோ!" என்றாள். "அந்த டிரெய்லராவது மிஞ்சட்டும்."